எல்லைக்கல் 2050048

பார்ட்டிஷன் என்றால் எனக்குப் பாகப்பிரிவினை வழக்குதான். மதுரையில் பத்தொன்பது வருடமாக சிவில் பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறேன். அப்பா சொத்து, ஐந்து பங்காளிகள், நடுவில் ஒரு பொதுக்கிணறு, இதுதான் என் பிழைப்பு. லேப்டாப்பின் டிஸ்க்கைப் பிரித்த பாகத்துக்கும் அதே பெயர்தான், அதிலும் ஒரு தகராறு இருக்கிறது என்பதை ஒரு செவ்வாய்க்கிழமை இரவு பிரிண்டர்தான் ஞாபகப்படுத்தியது.

மறுநாள் எழுத்துமூல வாதம் தாக்கல் செய்யவேண்டும். முப்பத்தாறு பக்கம். பிரிண்ட் கொடுத்தால் ஒரு அசைவும் இல்லை. கேபிளைப் பிடுங்கிச் செருகினேன், பிரிண்டரை அணைத்துப் போட்டேன், திட்டியும் பார்த்தேன். கடைசியில் டெர்மினலில், டிஸ்க்கில் எவ்வளவு இடம் என்று காட்டும் டிஎஃப் கட்டளையைத் தட்டியபோது விஷயம் தெரிந்தது. ரூட், அதாவது சிஸ்டம் குடியிருக்கும் பகுதி, 100 சதவீதம் நிரம்பியிருந்தது. அச்சுக்குப் போகிற கோப்பை சிஸ்டம் முதலில் ரூட்டில் உள்ள வார் கோப்புறைக்குள் எழுதி வைத்துக்கொண்டுதான் பிரிண்டருக்கு அனுப்பும். எழுத இடமே இல்லாதபோது எங்கிருந்து அனுப்பும்? ஆப்ட் கிளீன் போட்டுப் பழைய பேக்கேஜ் கோப்புகளைத் துடைத்ததில் ஒரு ஜிபி கிடைத்தது. அன்று இரவு தப்பித்தேன். ஆனால் ஹோம் பகுதியும் 96 சதவீதத்தில் நின்றது. ஸ்கேன் செய்த பத்திரங்கள் எல்லாம் அங்கேதான்.

(கட்டளைகளை வாயால் சொல்கிறபடியே தமிழில் எழுதுகிறேன். தட்டும்போது வழக்கம்போல ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.)

என் லேப்டாப்பில் இருப்பது டெபியன் 12 என்ற லினக்ஸ். டிஸ்க் முழுக்க என்கிரிப்ட் செய்தது, பாஸ்வேர்டு இல்லாமல் படிக்க முடியாது. ஒருமுறை திண்டுக்கல் பஸ்ஸில் பையை வைத்துவிட்டு இறங்கிவிட்டேன். பை இரண்டு மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டது, கண்டக்டர் புண்ணியவான். ஆனால் அந்த இரண்டு மணி நேரம் எனக்குத்தான் தெரியும். கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்னதை வக்கீல் வெளியே சொல்லக்கூடாது என்று 1872-ஆம் வருடத்துச் சாட்சியச் சட்டம் 126-ஆவது பிரிவிலேயே எழுதி வைத்திருந்தது. பஸ் சீட்டில் கிடக்கிற லேப்டாப்புக்கு அந்தப் பிரிவு தெரியுமா? அந்த வாரமே டிஸ்க்கைப் பூட்டினேன்.

பூட்டிய டிஸ்க்கைப் பெரிதாக்குவதில் ஒரு சிக்கல், அது ஒரு அடுக்கு இல்லை. எங்கள் பாஷையில் சொல்கிறேன். ஒரு மனை. அதற்குப் பட்டா, அதுதான் பார்ட்டிஷன் டேபிள். மனையைச் சுற்றிப் பூட்டிய காம்பவுண்டு, அதுதான் லக்ஸ். காம்பவுண்டுக்குள் எல்விஎம் என்று ஒரு குடும்பப் பொதுச்சொத்து. அதைப் பிரித்து ஆளுக்கொரு பங்காகக் கொடுத்ததுதான் லாஜிக்கல் வால்யூம்கள்: ரூட், ஸ்வாப் (மெமரி போதாதபோது உதவும் இடம்), ஹோம். ஸ்வாப் தவிர மற்றப் பங்குகளில் கட்டிய வீடு எக்ஸ்ட்4 ஃபைல்சிஸ்டம். வீட்டுக்குள்தான் நம் கோப்புகள் குடியிருக்கின்றன.

பெரிதாக்குவது என்றால் வெளியிலிருந்து உள்ளே வரவேண்டும். முதலில் பட்டா, அப்புறம் காம்பவுண்டு, அப்புறம் பொதுச்சொத்து, அப்புறம் பங்கு, கடைசியாக வீடு. சிறிதாக்குவது என்றால் அப்படியே தலைகீழ். வீட்டை இடித்துச் சுருக்காமல் மனையை விற்றுவிட்டால் அடுத்தவன் நிலத்தில் நம் சமையலறை நிற்கும்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2021-இல் ரூட் இப்படித்தான் நிரம்பியது. ஹோமுக்கு 208 ஜிபி இருக்கிறதே, அதில் 30-ஐ வெட்டி ரூட்டுக்குக் கொடுக்கலாம் என்று எல்வி-ரெட்யூஸ் போட்டேன். உங்கள் தரவு அழியக்கூடும் என்று அது எச்சரித்தது. எல்லாவற்றுக்கும் இப்படித்தான் மிரட்டுவார்கள் என்று, சரி என்பதற்கு ஒய் அடித்தேன். உள்ளே இருந்த ஃபைல்சிஸ்டமைச் சுருக்கவில்லை, வெளிப் பங்கை மட்டும் வெட்டிவிட்டேன். மறுபடி ஆன் செய்தால் ஹோம் ஏறவில்லை. ஃபைல்சிஸ்டமின் விவரங்கள் இருக்கும் சூப்பர்பிளாக்கில் எழுதியிருக்கும் அளவும் டிஸ்க்கின் அளவும் பொருந்தவில்லை என்றது. பதறிப்போய் ஃபார்மட் செய்து, ஒன்பது நாள் பழைய பேக்கப்பிலிருந்து மீட்டேன். அந்த ஒன்பது நாளில் இரண்டு பிராது வரைவுகள் போயின.

பிற்பாடு தெரிந்த விஷயம்தான் வயிற்றெரிச்சல். எல்விஎம் ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னால் பழைய வரைபடத்தை ஈடிசி கோப்புறையில் எல்விஎம், அதற்குள் ஆர்க்கைவ் என்ற இடத்தில் எழுதி வைத்துவிடுகிறது. விஜிசிஎஃப்ஜி-ரிஸ்டோர் என்ற கட்டளையால் அந்தப் பழைய வரைபடத்துக்கே திரும்பியிருக்கலாம். வெட்டிய இடத்தில் நான் இன்னும் எதையும் எழுதவில்லை, அத்தனையும் அப்படியே கிடந்தது. நானே ஃபார்மட் செய்து அழித்தேன்.

அதனால் இந்த முறை வெட்டுவது என்ற பேச்சே இல்லை. டவுன்ஹால் ரோட்டில் 1 டிபி எஸ்எஸ்டி ஒன்று வாங்கினேன். பழையது 256 ஜிபி. புதியதை வைக்க ஒரு யூஎஸ்பி கேஸும் வாங்கினேன். அண்ணன் மகன் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னேன். சனிக்கிழமை எங்கள் ஏரியாவில் மாதாந்திர மின்தடை. லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறதுதான், ஆனாலும் கரண்ட் போகிற நாளில் டிஸ்க்கில் கைவைக்க நான் தயாரில்லை.

முதல் வேலையாக லக்ஸின் ஹெட்டரை, அதாவது தலைப்பகுதியை, நகல் எடுத்தேன். கிரிப்ட்செட்அப் லக்ஸ்ஹெட்டர்பேக்கப் என்ற கட்டளை. லக்ஸ் 2 என்றால் 16 எம்பி அளவில் ஒரு கோப்பு வரும். இதை மூலப்பத்திரம் என்றே சொல்லலாம். நாம் தட்டுகிற பாஸ்வேர்டு டிஸ்க்கின் சாவி கிடையாது. அசல் சாவி ஹெட்டருக்குள் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது, பாஸ்வேர்டு அதைத் திறக்கத்தான். ஹெட்டர் கெட்டால் பாஸ்வேர்டு மனப்பாடமாக இருந்தும் பயனில்லை. மீதி 238 ஜிபியும் வெறும் இரைச்சல். நகலைத் தனிப் பென்டிரைவில் போட்டு பீரோவில் வைத்தேன். அதே டிஸ்க்கில் வைப்பது, பீரோ சாவியைப் பீரோவுக்குள்ளேயே வைத்துப் பூட்டுவது மாதிரி.

இதில் வக்கீல் மூளைக்கு ஒரு உறுத்தல். நாளைக்கு நான் பாஸ்வேர்டை மாற்றிவிட்டாலும் இந்த நகல் பழைய பாஸ்வேர்டுக்குத் திறக்கும். பவர் பத்திரத்தை ரத்து செய்தால் அது செல்லாது. இங்கே ரத்து செய்த பவரும் செல்லும். பாஸ்வேர்டு வெளியே கசிந்துவிட்டது என்று மாற்றுகிறவர்கள் பழைய ஹெட்டர் நகலையும் தேடி அழிக்கவேண்டும்.

அடுத்து, பார்ட்டிஷன்களைக் காட்டும் எஃப்டிஸ்க் மைனஸ் எல் கொடுத்து வந்த பட்டியலை பேப்பரில் எழுதிக்கொண்டேன். பத்திரத்தில் செக்குபந்தி (எல்லை விவரம்) எழுதுவது போல: முதல் பாகம் ஈஎஃப்ஐ, 2048 என்ற செக்டாரில் (டிஸ்க்கை அளக்கும் சிறு துண்டு) ஆரம்பம். இரண்டாவது பூட், 1050624. இந்த இரண்டும் லேப்டாப் ஆன் ஆவதற்கானவை. மூன்றாவது பூட்டிய பாகம், 2050048-இல் ஆரம்பம். இந்தக் கடைசி எண்ணுக்குக் கீழே இரண்டு கோடு போட்டேன். ஏன் என்று அண்ணன் மகன் கேட்டான். நாற்பது வருடத்துக்கு முன்னால் ஒருத்தர் எல்லைக்கல்லை இரண்டடி நகர்த்தி நட்ட வழக்கு இன்னும் என் அலமாரியில் இருக்கிறது என்றேன்.

லைவ் யூஎஸ்பியில், அதாவது பென்டிரைவிலிருந்தே ஓடும் லினக்ஸில், ஆன் செய்தோம். பழைய டிஸ்க்கைத் திறக்கவே இல்லை, பூட்டியபடியே டிடி என்ற கட்டளை கொண்டு நகல் எடுத்தோம். டிடியில் இஃப் என்பது எங்கிருந்து, ஆஃப் என்பது எங்கே. இரண்டையும் மாற்றிப் போட்டால் காலி டிஸ்க்கை எடுத்துப் பழைய டிஸ்க்கின் மேல் எழுதிவிடும், கேள்வி கேட்காது. லைவ் பென்டிரைவ் எஸ்டிஏ என்றும் புது எஸ்எஸ்டி எஸ்டிபி என்றும் வந்தன. அவன் எஸ்டிஏ என்று தட்டப்போனான், வீட்டில் எப்போதும் அதுதானாம். டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே போட்டு அளவைப் பார்க்கச் சொன்னேன். 931.5 என்று எதற்கு நேராக இருக்கிறதோ அதுதான் புதுசு. (பெட்டியில் 1 டிபி என்று போட்டு, உள்ளே 931 காட்டுவது ஏமாற்று வேலை இல்லை. அவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், எல்எஸ்பிஎல்கே 1024-ஆல் எண்ணுகிறது.)

நொடிக்கு 38 எம்பி என்று ஊர்ந்தது. கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். பாதி ஓடிய பிறகுதான், பழைய யூஎஸ்பி 2 துளையில் செருகியிருக்கிறோம் என்று கண்டுபிடித்தோம். பிடுங்க மனசில்லை. அதற்குள் மீன் குழம்பு வைத்துச் சாப்பிட்டும் முடித்தோம்.

நகல் முடிந்ததும் பழையதைக் கழற்றிப் புதியதை உள்ளே பொருத்தி, பழையதை ஒரு கவரில் போட்டுத் தேதி எழுதினேன். இரண்டையும் சேர்த்து மாட்டி ஒருபோதும் ஆன் செய்யக்கூடாது. நகல் என்பதால் யூயூஐடி என்ற அடையாள எண் உட்பட அத்தனையும் ஒன்றே. ஒரே சர்வே எண்ணுக்கு இரண்டு பட்டா இருந்தால் எதை நம்புவது? சிஸ்டம் ஏதோ ஒன்றை எடுத்துக்கொள்ளும், நாம் நினைத்ததைத்தான் எடுக்கும் என்று உத்தரவாதம் இல்லை. புது டிஸ்க் அதே பாஸ்வேர்டைக் கேட்டது, அதே டெஸ்க்டாப் வந்தது, அதே 96 சதவீதம். இப்போதே பழைய டிஸ்க் முழு பேக்கப் ஆகிவிட்டது. இனி என்ன தவறு செய்தாலும் திரும்பிப் போக ஒரு இடம் உண்டு என்பதில்தான் எனக்குக் கை நடுக்கம் நின்றது.

எல்லையைத் தொடும் வேலையை மட்டும் லைவ் யூஎஸ்பியிலிருந்தே செய்யலாம் என்றேன். ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்யலாம் அத்தை, ஒன்றும் ஆகாது என்றான். ஆகாதுதான். ஆனாலும் சர்வேயர் வரும்போது வீட்டில் யாரும் குறுக்கே நடக்காமல் இருப்பது எனக்குப் பிடிக்கும்.

அவன் எஃப்டிஸ்க்கைத் திறந்தான். உடனே சிவப்பில் இரண்டு வரி. டிஸ்க்கின் அளவு பொருந்தவில்லை, ஜிபிடியின் மறுபிரதி டிஸ்க்கின் கடைசியில் இல்லை என்று. ஜிபிடி என்பது நம் பட்டாவின் வகை. அது தன் அட்டவணையை டிஸ்க்கின் தலையில் ஒன்று, வாலில் ஒன்று என இரண்டு இடத்தில் வைக்கும். 256-இலிருந்து அப்படியே நகல் எடுத்ததால் வால் பிரதி நடுக்காட்டில் நிற்கிறது. அது பயப்படுகிற விஷயம் இல்லை, எழுதும்போது சரியாகிவிடும்.

அப்புறம் அவன் டி அடித்து, 3 அடித்தான்.

"டேய், என்ன பண்ற?"

"அழிச்சிட்டுப் பெருசா மறுபடி போடணும் அத்தை. அட்டவணையில மட்டும்தான் அழியுது, டேட்டா அப்படியேதான் இருக்கும்."

சொன்னது உண்மைதான். பட்டாவைக் கிழித்தால் மனை காணாமல் போகாது. ஆரம்ப இடம் அதே 2050048 ஆக இருக்கிறவரை. புதிய பாகம் என்பதற்கு 'என்' எழுத்தை அடித்தான், 3 அடித்தான், முதல் செக்டார் என்ன என்று கேட்டது. அதுவே 2050048 என்று காட்டியது. பேப்பரோடு ஒப்பிட்டேன், சரி. கடைசி செக்டாருக்கு வெறும் என்டர். அப்போது ஒரு கேள்வி வந்தது. மூன்றாவது பாகத்தில் கிரிப்டோ லக்ஸ் கையொப்பம் இருக்கிறது, அதை நீக்கிவிடவா? சரி என்றால் 'ஒய்', வேண்டாம் என்றால் 'என்'.

அவன் விரல் ஒய் மேலே போய்விட்டது. வரிசையாகக் கேள்விக்குப் பதில் சொல்லி வந்த வேகம். கையைப் பிடித்துவிட்டேன்.

"எதை நீக்கவான்னு கேக்குது, படி."

"பழைய கையெழுத்து... ஐயோ."

அந்தக் கையொப்பம்தான் இங்கே பூட்டிய பாகம் இருக்கிறது என்று சிஸ்டத்துக்குச் சொல்வது. ஒய் அடித்து எழுதியும் இருந்தால், மறுநாள் பாஸ்வேர்டு கேட்க அங்கே ஒன்றும் இருந்திருக்காது. பீரோவில் ஹெட்டர் நகல் இருக்கிறது, பழைய டிஸ்க்கும் இருக்கிறது, அதனால் அழிந்துபோயிருக்க மாட்டோம். ஆனால் இந்த இரண்டும் இல்லாமல் இதே கேள்விக்கு ஒய் அடித்தவர்களை நினைத்துப் பார்த்தேன். நானே 2021-இல் அடித்தவள்தானே.

வேண்டாம் என்று 'என்' அடித்தால் சரியாகவே முடிந்திருக்கும். ஆனாலும் கியூ அடித்து வெளியே வரச் சொன்னேன். டபிள்யூ அடிக்கும்வரை எஃப்டிஸ்க் டிஸ்க்கில் எதையும் எழுதாது, அந்த ஒரு நல்ல குணம் அதற்கு உண்டு. பார்ட்டட் என்ற இன்னொரு கருவியைத் திறந்தோம். கூடுதலாக 145 கோடிச் சொச்சம் பிளாக்குகள் பயன்படாமல் கிடக்கின்றன, ஜிபிடியைச் சரிசெய்யவா என்று கேட்டது. ஃபிக்ஸ் என்று சொன்னோம். அப்புறம் ரீசைஸ்பார்ட் 3, 100 சதவீதம். அவ்வளவுதான். அழிப்பதும் இல்லை, ஆரம்பத்தைத் தொடுவதும் இல்லை, முடிவை மட்டும் நகர்த்துகிறது. பிரிண்ட் போட்டு ஆரம்ப செக்டாரை மறுபடி பேப்பரோடு ஒத்துப்பார்த்தேன். இனிமேல் யார் கேட்டாலும் பார்ட்டட்தான் சொல்வேன்.

லைவ் யூஎஸ்பியைப் பிடுங்கி, வழக்கம்போல ஆன் செய்து பாஸ்வேர்டு கொடுத்தோம். அடுத்தது கிரிப்ட்செட்அப் ரீசைஸ் என்று அவன் குறித்து வைத்திருந்தான். எல்எஸ்பிஎல்கே பார்த்தால் உள்ளே திறந்த லக்ஸ் ஏற்கெனவே 930.5 ஜிபி. நாம எதுவும் போடலையே அத்தை என்று விழித்தான். வழக்கமாக அமைக்கிற லக்ஸில் இத்தனை ஜிபி என்று ஹெட்டருக்குள் எழுதி வைப்பதில்லை. திறக்கிற நேரத்தில் பார்ட்டிஷன் எவ்வளவு தூரம் போகிறதோ அதுவரை எடுத்துக்கொள்ளும். திறந்த நிலையிலேயே எல்லையை நகர்த்துகிறவர்களுக்குத்தான் ரீசைஸ் தேவை. லக்ஸ் 2 என்றால் அப்போது பாஸ்வேர்டையும் மறுபடி கேட்கும்.

பிறகு எல்விஎம் பொதுச்சொத்தை வளர்க்கும் பிவி-ரீசைஸ். ஒரு நொடி. விஜிஎஸ் போட்டால் காலி இடம் 693 ஜிபி. இருவரும் கொஞ்ச நேரம் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எல்லாவற்றையும் ஹோமுக்கே கொடுத்துவிடலாம் என்பது அவன் கட்சி. வலையில் கிடைக்கிற எல்லாக் குறிப்பும் 100 சதவீதம் ஃப்ரீ என்று போட்டு மொத்தத்தையும் வாரிக் கொடுக்கத்தான் சொல்கின்றன. நான் மறுத்தேன். எக்ஸ்ட்4-ஐ ஓடிக்கொண்டிருக்கும்போதே எப்போது வேண்டுமானாலும் வளர்க்கலாம், சுருக்க வேண்டுமானால் கழற்றி வைத்துத்தான் செய்யவேண்டும். கொடுத்ததைத் திரும்ப வாங்குவதில் உள்ள கஷ்டம் பாகப்பிரிவினை நடத்துகிறவளுக்குத் தெரியாதா? ரூட்டுக்கு 72 சேர்த்து 100 ஆக்கினேன். ஹோமுக்கு இன்னும் 250 சேர்த்தேன். மீதி 371 ஜிபி யார் பெயரிலும் இல்லாமல் புறம்போக்காகக் கிடக்கிறது. பெரிய அப்கிரேடுக்கு முன்னால் ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் பதிவு) எடுக்கவும் அந்தப் புறம்போக்கிலிருந்துதான் இடம் வேண்டும்.

கட்டளை எல்வி-எக்ஸ்டெண்ட். மைனஸ் ஆர் சேர்த்தால் பங்கோடு வீட்டையும் சேர்த்து வளர்த்துவிடும், தனியாக ரீசைஸ்2எஃப்எஸ் போட வேண்டாம். அளவு எழுதும்போது பிளஸ் குறியைக் கவனியுங்கள். பிளஸ் 72 என்றால் இன்னும் 72 சேர். வெறும் 72 என்றால் மொத்தமே 72 ஆக்கு. 208 ஜிபி ஹோமுக்கு பிளஸ் இல்லாமல் 100 என்று எல்வி-ரீசைஸில் எழுதினால் அது சுருக்கப் போகும். எல்வி-எக்ஸ்டெண்ட் அப்படி இல்லை, இருக்கிறதைவிடக் குறைவாகச் சொன்னால் முடியாது என்று மறுத்துவிடும். ஒரே வேலைக்கு இரண்டு கட்டளை இருந்தால் தப்பு செய்ய விடாததைப் பிடித்துக்கொள்வது என் வழக்கம்.

டிஎஃப் மறுபடி போட்டேன். ரூட் 28 சதவீதம். சோதனைக்காக அந்த முப்பத்தாறு பக்கத்தையும் மறுபடி பிரிண்ட் கொடுத்தேன். பேப்பர் வீண்தான், மனசுக்கு வேண்டியிருந்தது.

பழைய டிஸ்க்கை ஒரு மாதம் கவரிலேயே வைத்திருந்தேன். எந்தக் கோப்பும் காணவில்லை என்று உறுதியான பிறகு, அதை அண்ணன் மகனின் லேப்டாப்பில் யூஎஸ்பி வழியாக மாட்டினோம். என் லேப்டாப்பில் மாட்டவில்லை, காரணம் மேலே சொன்ன இரட்டைப் பட்டா. அதன் ஹெட்டரில் என் அதே பாஸ்வேர்டும் அதே அசல் சாவியும் இருக்கின்றன, அப்படியே தூக்கிப் போட முடியாது. கிரிப்ட்செட்அப் இரேஸ் போட்டால் சாவி இருக்கும் அறைகள் எல்லாவற்றையும் துடைத்துவிடும். எல்எஸ்பிஎல்கேயில் 238.5 என்ற எண்ணுக்கு நேராக இருந்த பெயரை அவன் வாய்விட்டுப் படித்தான், நான் பேப்பரில் எழுதினேன், அவன் தட்டினான்.

சாதனம் இதற்குப் பிறகு பயன்படாது, உறுதியாகத்தானா என்று கேட்டது. எஃப்டிஸ்க் மாதிரி ஒரு எழுத்தோடு விடவில்லை. 'யெஸ்' என்பதை மூன்று எழுத்தும் பெரிய எழுத்தாக எழுதினால்தான் நகர்வேன் என்று நின்றது. அவன் கேப்ஸ் லாக்கைத் தட்டிவிட்டு, ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தான்.